லீடிங் அண்ணன்

தீயணைப்பு உத்தியோகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ஜனங்கள் முதலில் தைரியத்தைத்தான் புகழ்கிறார்கள். அந்தப் புகழ்ச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். புகை அடைத்த ஒரு வாசலுக்குள் காலெடுத்து வைப்பதற்குத் தைரியம் வேண்டியதுதான். ஆனால் 1973-ல் சாதாரணத் தீயணைப்போனாகச் சேர்ந்து, நிலைய அலுவலராக ஓய்வு பெறும் வரையில் அந்தக் காக்கிச் சட்டையிலேயே வயதைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உள்ளே நுழைந்த பிறகு எந்தப் பக்கம் கை நீட்டுவது, எதை முதலில் எடுப்பது, யார் எந்த மூலையில் கிடப்பார்கள் என்பதையெல்லாம் நமக்குச் சொல்வது, ஒரு குடும்பம் அன்றாடம் எப்படி நடக்கிறது என்ற அறிவே. அந்த அறிவை எனக்குப் புகட்டியவர் சென்ற ஆண்டு ஐப்பசியில் தம் எண்பத்தெட்டாம் வயதில் காலமானார். முன்னணித் தீயணைப்போர் என்று அரசாணைகளில் எழுதப்படும் பதவியை நிலையத்தில் நாங்கள் ‘லீடிங் பயர்மேன்’ என்றே சொல்வோம். அந்தப் பதவியில் அவர் இருந்த காலத்தில் இளையவர்களான நாங்கள் ‘லீடிங் அண்ணன்’ என்று அழைக்கத் தொடங்கியது, அவர் பதவி உயர்ந்த பின்னும், பென்ஷன் வாங்கத் தொடங்கிய பின்னும் மாறவேயில்லை. தம் பெயர் எங்கும் பெரிதாக எழுதப்படுவதை விரும்பாதவராகையால், இங்கும் அவரை அப்படியே குறிப்பிடுகிறேன்.

செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கூரை வேய்வதைத் தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு மூத்த மகனாகப் பிறந்தவர் அவர். 1957-ல் அவர் பணியில் சேர்ந்தபோது, 1908-ல் சென்னையில் தொடங்கப்பட்ட தீயணைப்புப் படைக்கு அரை நூற்றாண்டு நெருங்கிவிட்டிருந்தது. ஆயினும் அது போலீஸ் இலாகாவின் கீழேதான் இருந்தது. தனி இலாகாவாகப் பிரிந்தது 1967-ல். அந்தப் பழைய காலத்துக் கண்டிப்பும், பித்தளையைப் பளபளக்கத் துலக்கும் வழக்கமும் அவரிடம் கடைசிவரை இருந்தன.

நான் சேர்ந்த நிலையம் வடசென்னையில் இருந்தது. கோடைக்காலத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் கடற்காற்று திரும்புகிற வேளையில் மணி அடித்தால், அது குடிசைத் தீ என்பதை யாரும் எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீற்றுக் கூரையில் பிடித்த நெருப்பு சரிவில் தங்குவதில்லை. நேராக முகட்டுக்கு ஓடும். முகட்டிலிருந்து எரிகிற கீற்றைக் காற்று பிய்த்துக்கொண்டு போய் நாலாவது வீட்டின்மேல் போடும். புதிதாகச் சேர்ந்தவன் எரிகிற வீட்டின்மேலேயே தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு நிற்பான். அண்ணனோ, வண்டி நிற்பதற்கு முன்னமே காற்றுப் போகும் திசையைப் பார்த்துவிட்டு, நெருப்பு இன்னும் வந்து சேராத இடத்தில், நாலைந்து வீடுகளுக்கு அப்பால் போய் நின்றுகொண்டு, கொக்கியும் அரிவாளுமாக ஒரு வரிசைக் கூரைகளைப் பிரித்துப் போடச் சொல்வார். “தம்பி, எரியற வூட்ட வுடு, எரியப்போற வூட்டப் பாரு” என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். எந்தக் கயிற்றை அறுத்தால் கூரை முழுதும் ஒரே வாரியாகச் சரிந்து விழும் என்பதை அவர் தகப்பனாரிடம் கற்றிருந்தார். வேயத் தெரிந்த கைக்குப் பிரிக்கவும் தெரிந்திருந்தது.

ஆனால் எரியாத வீட்டைப் பிரிப்பதற்கு எந்த வீட்டுக்காரர் சம்மதிப்பார்? ஒருமுறை வாசற்படியில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓர் அம்மாள் நின்றுவிட்டார். அங்கே அதட்டுவதற்கு எங்களுக்கு அதிகாரமும் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். அண்ணன் அதட்டவில்லை. “யம்மா, கூரைய நான் எடுத்துக்கறேன், பொட்டிய நீ எடுத்துக்க. லீவு நாள்ல நானே வந்து வேய்ஞ்சு தரேன்” என்றார். அந்த அம்மாள் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, உள்ளே ஓடிப்போய்த் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த வரிசையோடு தீ நின்றது. அடுத்த ஓய்வு நாளில் அண்ணன் கீற்றுக்கட்டுடன் அங்கே போய்ச் சேர்ந்ததையும், கீழே நின்று ஒவ்வொரு கீற்றாக அவருக்கு எடுத்துக் கொடுத்ததையும் நான் அந்தக் காலத்தின் பெரிய பாக்கியங்களில் ஒன்றாகவே நினைக்கிறேன்.

தீ அணைந்த பிறகு செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பத்திரிகைக்காரர்களும் வேடிக்கை பார்க்கிறவர்களும் போன பின்னர் நடப்பதாகையால் அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. சாம்பலைக் கிளறி, கங்கு எங்கும் மிஞ்சவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்வது அது. சட்டப்படி அவ்வளவுதான் எங்கள் கடமை. அண்ணன் அந்த நேரத்தில் வீட்டுப் பெண்களை அருகில் அழைத்து, “அரிசிப் பானை எந்த மூலைல இருந்திச்சு?” என்று கேட்பார். முதல் தடவை கேட்டபோது எனக்கு விளங்கவில்லை. எரிந்துபோன குடிசையில் அரிசியைத் தேடி என்ன பயன்? அந்தப் பெண்கள் சொன்ன மூலையில் மண்வெட்டியை மெதுவாகச் செலுத்தி, உருகிக் கட்டியாகிப்போன அலுமினியத்தையும் கரிந்த அரிசியையும் விலக்கினால், அடியில் ஒரு சிறு டப்பாவோ, முடிச்சோ கிடைக்கும். அதில் இரண்டு மூன்று குண்டுமணிப் பொன்னோ, சில்லறைக் காசோ, பாதி கருகிய அடகுச் சீட்டோ இருக்கும். கணவனுக்குத் தெரியாமல் பெண்கள் எங்கே சேமிப்பார்கள் என்பது ஒரு நல்ல சம்சாரிக்குத்தான் தெரியும். கிடைத்ததை அந்தப் பெண்ணின் கையில் கொடுக்கும்போது, சுற்றியிருப்பவர்களுக்கு, முக்கியமாக அவள் புருஷனுக்கு, தெரியாத வண்ணம் தம் ஹெல்மெட்டுக்குள் வைத்து நீட்டுவார்.

1970-ல் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டு, அடுக்கு வீடுகள் சிறுகச் சிறுக எழும்பி, கீற்றுப் போய் ஆஸ்பெஸ்டாஸும் கான்கிரீட்டும் வந்தபோது, வடசென்னையின் நெருப்பு வேறு சுபாவத்தை அடைந்தது. முன்பு நூறு குடும்பங்கள் ஒரே மத்தியானத்தில் தெருவுக்கு வந்தன. ஆனாலும் பகலில் பிடித்த குடிசைத் தீயில் பெரும்பாலும் ஆட்கள் தப்பித்துவிடுவார்கள். சுவர் மெல்லியது; எந்தப் பக்கம் உதைத்தாலும் வழி. கான்கிரீட் வீட்டில் நெருப்பு அடுத்த வீட்டுக்குப் போவதில்லை. உள்ளே இருப்பவர்களோடு அறையிலேயே தங்கிவிடுகிறது. இந்த வேற்றுமையை அண்ணன் எங்கள் எல்லோருக்கும் முன்பே கண்டுகொண்டார்.

எழுபதுகளின் கடைசியில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். கீழே சாமான் கிடங்கும் மேலே குடித்தனமுமாக இருந்த ஒரு பழைய மாடி வீடு. கிடங்கில் பிடித்த தீயைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம்; ஆனால் புகை முழுவதும் மாடிக்கு ஏறிவிட்டது. தெருவில் ஒரு தாய், தன் பையன் மேலே இருக்கிறான் என்று கதறுகிறாள். எங்களில் இருவர் ஏறிப்போய், சுவரோரமாகத் தவழ்ந்து, அறை முழுவதும் தடவிப் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்று திரும்பிவிட்டார்கள். அவர்கள் தேடியதில் முறைப்படி எந்தக் குறையும் இல்லை: இடது கை சுவரை விடவில்லை, காலை அகல வீசித் தரையைத் துழாவியிருந்தார்கள், வாசல், ஜன்னல், படிக்கட்டு என்று, தப்பி ஓட முயல்பவன் எங்கெல்லாம் விழுந்து கிடப்பானோ அங்கெல்லாம் பார்த்திருந்தார்கள். அண்ணன் நேரே அந்தத் தாயிடம் போய், அவள் இரண்டு தோள்களையும் பிடித்து நிறுத்தி, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அப்பன் அடிக்க வந்தா உன் புள்ள எங்கம்மா போய் ஒளிவான்?” அழுகைக்கு நடுவே, கட்டிலுக்கு அடியில், டிரங்குப் பெட்டிகளுக்குப் பின்னால் என்று அவள் சொன்னாள். அவர் மேலே போனார். பின்னாலேயே நானும் போனேன். இரண்டு பெட்டிகளை இழுத்துத் தள்ளிய பிறகு, சுவரோடு ஒட்டிச் சுருண்டிருந்த ஒரு சின்னக் கால் அவர் கைக்கு அகப்பட்டது. பையன் பிழைத்தான்.

பெரியவன் நெருப்பைக் கண்டால் ஓடுவான், குழந்தை ஒளிந்துகொள்ளும். இன்று இது பயிற்சி வகுப்புகளிலேயே சொல்லித்தரப்படுகிறது. எனக்கு அதைச் சொல்லித்தந்தது அண்ணனுடைய இரண்டாவது மகள் என்றுதான் சொல்ல வேண்டும். இடி இடித்தால் அந்தப் பெண் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் போய்ப் புகுந்துகொள்வதை அவர் பல மழைக்காலங்களில் கவனித்திருந்தாராம். ‘யாரும் இல்லை’ என்று ஒரு தீயணைப்போன் வந்து சொன்னால், அதற்குப் பிறகு எங்கள் நிலையத்தில் அடுத்த கேள்வி, ‘எந்தெந்தச் சாமானை நகர்த்திப் பார்த்தாய்?’ என்பதாக ஆயிற்று.

பெரிய தீக்களையும் அவரோடு நின்று பார்த்திருக்கிறேன். 1959-ல் திறக்கப்பட்டு, வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து எண்ணிப் பார்த்துவிட்டுப் போகும் கட்டடமாக இருந்த அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் 1975 ஜூலை 11-ஆம் தேதி தீப்பிடித்தபோதுதான், சென்னை நகரம் உயரமாகக் கட்டக் கற்றுக்கொண்ட அளவுக்கு உயரத்தில் தீயணைக்கக் கற்றுக்கொள்ளவில்லை என்பது எல்லோருக்கும் உறைத்தது. ஏணி எட்டாத மாடிகளுக்குப் படிக்கட்டு வழியாகத்தான் ஹோஸைத் தூக்கிக்கொண்டு ஏறவேண்டும். நனைந்து தண்ணீர் நிறைந்த ஹோஸின் கனத்தைச் சுமந்தவனுக்குத்தான் அது தெரியும். பின்னாட்களில் 54 மீட்டர் வரை எழும்பும் ஏணி வண்டிகள் நம் படைக்கு வந்ததைப் பார்த்தபோதெல்லாம் அந்தப் படிக்கட்டு எனக்கு ஞாபகம் வரும். மூச்சுக் கருவி அந்நாளில் எங்கள் கைக்கு எட்டியது சொற்பம்; நனைத்த துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போவோம். துண்டு கரியைத் தடுக்கும். கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. அண்ணன் அதை அறிந்திருந்தபடியால், உள்ளே போனவர்களின் பெயரை வாய்விட்டு எண்ணிக்கொண்டே இருப்பார். சிறிது நேரம் ஆனதும், வேலை பாதியில் இருந்தாலும், வெளியே வரச்சொல்லி அடுத்தவரை அனுப்புவார். “இன்னும் ரெண்டே நிமிஷம் அண்ணே” என்று கெஞ்சியவர்களிடம், “ஒம் பொண்டாட்டிக்கு நான் பதில் சொல்லணும், வெளிய வா” என்பார்.

மூர் மார்க்கெட் 1985 மே 30-ஆம் தேதி எரிந்தது. பழைய புத்தகங்களும், பொம்மைகளும், கூண்டுப் பறவைகளுமாகச் சென்னைக் குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்றைக் கொடுத்திருந்த அந்தச் செங்கல் மாளிகையைப் பற்றி வேறு பலர் என்னைவிட நன்றாக எழுதிவிட்டார்கள். தொழில்காரனாக நான் சேர்க்கக்கூடியது ஒன்றுதான். புத்தக அடுக்கு எளிதில் எரியாது. இறுக மூடிய தாள்களுக்கிடையே காற்றுப் புகாதாகையால் ஓரம் மட்டும் கருகிக்கொண்டே போகும். மேலே தண்ணீரை விட்டு அணைந்துவிட்டதென்று திரும்பினால், நடுவிலிருந்து மறுபடி புகையும். அடுக்கைப் பிரித்துப் பிரித்து நனைக்க வேண்டும். வைக்கோல் போருக்கும் பஞ்சுப் பொதிக்கும் உள்ள அதே நியாயம். நாங்கள் அந்த வேலையில் இருந்தபோது, அண்ணன் ஓரத்தில் உட்கார்ந்திருந்த கடைக்காரர்களிடம் ஒவ்வொருவராகப் போய், ‘வீட்டுக்குத் தகவல் சொல்லியனுப்பினீர்களா?’ என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கடை போன மனிதனைத் தனியே விடக்கூடாது என்பது அவர் எண்ணம். சொல்லியனுப்பாத இருவரின் வீடுகளுக்கு, பணி முடிந்து போகும் வழியில், அவரே போய்ச் சொல்லிவிட்டுத்தான் தம் வீட்டுக்குப் போனார்.

அந்த வீட்டைப் பற்றி எழுத வேண்டும். நிலையத்தை ஒட்டிய குவார்ட்டர்ஸில் இரண்டே அறைகள். அவற்றில் அண்ணன், அண்ணி, மூன்று பெண்கள், அண்ணியின் தாயார் என்று ஆறு ஜீவன்கள் குடியிருந்தார்கள். சம்பளக் கவரைப் பிரிக்காமலே அண்ணியிடம் கொடுத்துவிடுவார். பஸ்ஸுக்கும் வெற்றிலைக்கும் அவளிடமே கேட்டு வாங்கிக்கொள்வார். இரவு முழுவதும் புகையில் நின்றுவிட்டு வருகிறவர்களில் சிலருக்குச் சாராயக் கடைப் பழக்கம் ஏற்பட்டிருந்த காலம் அது. அதனால் சீரழிந்த குடும்பங்களையும் அந்தக் குவார்ட்டர்ஸிலேயே பார்த்திருக்கிறேன். அண்ணன் அந்தப் பக்கம் போகவேயில்லை. பணி முடிந்ததும் நிலையத்துக் குழாயடியிலேயே சோப்புப் போட்டுக் குளித்து, வேறு உடுப்பு மாற்றிக்கொண்டுதான் வீட்டுப் படியேறுவார். கரியின் வாசனையையும், அதைவிடக் கொடிய வேறு வாசனைகளையும் குழந்தைகள் அறியக்கூடாதென்பது அவருடைய சங்கல்பம். வீட்டில் எந்தத் தீயைப் பற்றியும் பேசமாட்டார். கடைசிப் பெண் பள்ளிக்கூடம் சேரும் வரையில், தன் அப்பாவின் உத்தியோகம் சிவப்பு வண்டியைக் கழுவித் துடைப்பது என்றே நம்பியிருந்தாள்.

ஓய்வு நாட்களில் காலையில் மூன்று பெண்களுக்கும் வரிசையாக உட்காரவைத்துத் தலை பின்னிவிடுவார். கயிற்று வேலையில் தேர்ந்த கை. பின்னல் மாலை வரை அவிழாது. கிணற்றிலிருந்து ஆளைத் தூக்குவதற்கு நாங்கள் போடுகிற சேர் நாட்டையும், கம்பத்தில் கயிறு நழுவாமல் இருக்கப் போடுகிற க்ளோவ் ஹிட்ச்சையும் அந்தப் பெண்களுக்கு விளையாட்டாகவே சொல்லிக்கொடுத்திருந்தார். குவார்ட்டர்ஸில் எத்தனையோ வீடுகளின் துணிக்கொடி ஆடிக் காற்றில் அறுந்து விழும். அண்ணன் வீட்டுக் கொடி மட்டும் விழுந்ததாக எனக்கு நினைவில்லை.

தீபாவளி எங்களுக்கு இல்லாத பண்டிகை. அந்த வாரம் யாருக்கும் லீவு கிடையாது. கூரை வீடுகள் மிகுந்திருந்த காலத்தில், ராக்கெட் வாணம் ஒன்று போதும், ராத்திரி முழுவதும் நாங்கள் வண்டியிலேயே இருப்பதற்கு. நிலையத்துக் குடும்பங்களில் பலரும் வருத்தத்தோடு அந்த நாளைக் கழித்துக்கொண்டிருக்க, அண்ணன் தம் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருந்தார். விடிவதற்கு வெகுநேரம் முன்னால் எல்லோரையும் எழுப்பி, அவரே மூன்று பெண்களுக்கும் மாமியாருக்கும் எண்ணெய் வைத்து, அண்ணி சுடச்சுட எடுத்துவைக்கும் இட்லியை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பொழுது புலரும்போது சீருடையோடு வண்டியருகே நிற்பார். சாப்பாட்டுக்கு நடுவில் மணி அடித்தால், அண்ணி ஒரு வார்த்தை பேசாமல் இலையின்மேல் இன்னொரு இலையைக் கவிழ்த்து மூடுவாள். வண்டி திரும்பி வரும் சப்தத்தைக் கேட்டே, தண்ணீர்த் தொட்டி காலியா, பாதியா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். காலி வண்டி என்றால் அடுப்பில் வெந்நீர் ஏறும்.

நிலையத்துக்குள் அவருடைய கண்டிப்பு எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சிறிய விஷயம் சொல்கிறேன். ஹோஸ் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் கப்ளிங் இருக்கிறது. அதற்குள் ரப்பர் வாஷர் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு நாள் பணி மாறும்போதும், ஒவ்வொரு கப்ளிங்கிலும் கட்டைவிரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, வாஷர் இருக்கிறதா, வெடித்திருக்கிறதா, மணல் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார், விரல்தான் சாட்சி. முழு வாட்டர் டெண்டரில் இருப்பது 4500 லிட்டர். ஹோஸ் முனையிலுள்ள ஒரு பிராஞ்சைத் திறந்துவிட்டால் கால் மணி நேரத்துக்குள் தீர்ந்துபோகும். அதில் ஒரு பங்கு கப்ளிங் வழியே தெருவில் பீறிட்டுப் போவதைத் தண்ணீர் நஷ்டம் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அவர் அதை மாடியில் நிற்கிறவன் கையில் அழுத்தம் குறைவது என்று எண்ணினார். நனைந்த கான்வாஸ் ஹோஸை மடித்துவைத்தால் உளுத்துப்போகும் என்பதால், எவ்வளவு களைப்பானாலும் டிரில் டவரில் தொங்கவிட்ட பின்னரே படுக்கை. 1944 ஏப்ரல் 14-ல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து இறந்த 66 தீயணைப்பு வீரர்களுக்காக ஆண்டுதோறும் நாங்கள் அணிவகுத்து நிற்கும் நாளிலும், அஞ்சலி முடிந்தவுடன் அவர் செய்யச் சொல்லும் காரியம் வாஷர் பார்ப்பதுதான்.

பதவி உயர்வில் சில ஆண்டுகள் அவர் மாவட்டத்து நிலையம் ஒன்றுக்குப் போனார்; பிறகு எனக்கும் அங்கே மாற்றல் கிடைத்தது. நகரத்தில் தெரியாத வேலை அங்கே நிரம்ப இருந்தது: கிணற்றில் விழுந்த பசு, வீட்டில் புகுந்த பாம்பு, எல்லாவற்றுக்கும் மேலாக விஷவாயுக் கிணறு. வெகுநாள் மூடிக்கிடந்த கிணற்றில் தூர் எடுக்க இறங்கியவன் மயங்கி விழுவான். அவனைத் தூக்க அவனுடைய தமையன் இறங்குவான். இருவரையும் தூக்கத் தகப்பன் இறங்குவான். நாங்கள் போய்ச் சேரும்போது கரையில் நிற்கும் தம்பியையோ மாமனையோ பத்துப் பேர் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அவனைத் திட்டியோ, தள்ளியோ தடுத்துவிட முடியாது; ரத்த பாசம் அப்படி. அண்ணன் உயிர்காப்புக் கயிற்றின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்து, “இத வுடாத, நீ வுட்டா எங்க ஆளு போய்டுவான்” என்பார். உள்ளபடியே அந்த முனைக்குப் பின்னால் எங்கள் ஆட்கள் இருவர் பிடித்துக்கொண்டுதான் நிற்பார்கள். ஆனால் கையில் ஒரு வேலை வந்துவிட்ட பிறகு அவன் இறங்குவதைப் பற்றி நினைக்கவே மாட்டான். சகோதரனுக்காகத் தானும் ஏதோ செய்தேன் என்ற ஆறுதலும், என்ன முடிவு ஏற்பட்டாலும், அவனுக்கு மிஞ்சும்.

1994-ல் அவர் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு இலாகாவில் எத்தனையோ மாறுதல்கள். அவர் ஓய்வுக்கு முன்பே, 1985-ல் வந்த தீயணைப்புச் சட்டம் எங்களுக்குக் கட்டடங்களைப் பார்வையிடும் அதிகாரத்தைத் தந்திருந்தது. மூச்சுக் கருவி ஒவ்வொருவர் முதுகிலும் ஏறியது. 2003-ல் பெண் அதிகாரிகள் வந்தார்கள். சுனாமியிலும் 2015 வெள்ளத்திலும் எங்கள் படை தண்ணீரோடு போராடிய நாட்கள், நெருப்போடு போராடிய நாட்களுக்குக் குறைந்தவை அல்ல. இவற்றையெல்லாம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் அவருக்குக் குழந்தையின் ஆவல் இருந்தது. மூன்று பெண்களையும் படிக்கவைத்து, கடனின்றிக் கல்யாணம் செய்துகொடுத்து, மாமியாரைக் கடைசிவரை தம் தாயைப்போல் பார்த்து அடக்கம் செய்தார். அண்ணிக்கு முழங்கால் வலி வந்தபிறகு சமையலையும் அவரே ஏற்றுக்கொண்டார்.

2004-ஆம் ஆண்டு அவரை மிகவும் வதைத்தது. ஜனவரியில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத் தீ. ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளிக்கூடத் தீ, இறந்தவர்கள் 94 குழந்தைகள். இரண்டிலும் கீற்று. கும்பகோணத்தில் சமையற்கூடத்து நெருப்பு கூரைக்குத் தாவியது என்று பத்திரிகையில் படித்த அன்று அவர் சாப்பிடவில்லை என்று அண்ணி சொன்னாள். மறு வாரத்திலிருந்து, யாரும் அனுப்பாமல், ஓய்வூதியக்காரர் என்ற ஒரே தகுதியோடு, தம் வீட்டைச் சுற்றியிருந்த பள்ளிக்கூடங்களுக்கு நடந்தே போனார். சில இடங்களில் வாயிற்காவலரே திருப்பியனுப்பினார். ஒரு பள்ளியில் நிர்வாகி ஒருவர் மரியாதையின்றிப் பேசவும் செய்தார். அண்ணன் மறுநாள் மறுபடி போனார். சத்துணவு அடுப்பு எங்கே, கூரை என்ன, மாடிக்கு எத்தனை படிக்கட்டு, கடைசி வகுப்பின் கதவு உள்பக்கம் திறக்கிறதா வெளிப்பக்கம் திறக்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, தலைமையாசிரியரோடு உட்கார்ந்து பொறுமையாகப் பேசுவார். பள்ளிக்கூடங்களின் கீற்றுக் கொட்டகைகளை அகற்றும்படி அரசாங்கமே உத்தரவிட்ட பிறகும் அவர் போவதை நிறுத்தவில்லை. சின்னக் குழந்தைகளிடம், பயம் வந்தால் ஒளியாதே, ஆள் கூப்பிட்டால் சப்தம் கொடு என்று சொல்லித்தருவதற்கு எந்த உத்தரவும் போதாது என்பார்.

கடைசிப் பத்து வருஷங்கள் அவரை இருமல் வாட்டியது. வாலிபத்தில் நனைத்த துண்டோடு உள்ளே போனவர்கள் பலருக்கும் வயோதிகத்தில் வருகிற இருமல் அது, எனக்கும் தொடங்கியிருக்கிறது. கடைசி மகளின் அடுக்கக வீட்டில்தான் அண்ணியும் அவரும் இருந்தார்கள். அங்கே குடிவந்த நாளிலேயே, எல்லா ஜன்னல்களிலும் இரும்புக் கம்பிகள் சுவரோடு சேர்த்துப் பதிக்கப்பட்டிருப்பதைக் கண்டு, கொல்லனை வரவழைத்து, படுக்கையறை ஜன்னலில் மட்டும் கம்பிச் சட்டத்தைக் கீல் வைத்துத் திறக்கும்படி மாற்றச் செய்து, சாவியைப் பேரக்குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஆணியடித்து மாட்டினார். திருடனுக்குப் பயந்து போட்ட கம்பி நெருப்பில் நமக்கே சிறையாகிவிடுகிறதென்பதை, கம்பியைப் பற்றியபடி நின்ற கைகளைக் கண்ட நாங்கள்தான் உறுதியாகச் சொல்ல முடியும். பிறகு அந்த அடுக்ககத்தின் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினார். மாடிப்படி ஏறமுடியாமல் போனபோது என்னைக் கூட்டிக்கொண்டு போனார். படுக்கையில் விழுந்த பிறகு என்னை மட்டும் அனுப்பி, யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டுக்கொண்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்த அந்த அடுக்ககத்துக்காரர்களில் பலர், ஜன்னலை மாற்றிவிட்டோம் என்று தாமாகவே அண்ணியிடம் வந்து சொன்னார்கள். மூன்றாவது மாடியில் இரண்டு வீடுகள் பாக்கி இருக்கின்றன. ஒன்றில் கைக்குழந்தை உண்டு. கொல்லனிடம் கூலி பேசி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவனையும் அழைத்துக்கொண்டு அங்கே போகப்போகிறேன்.